காதைப் பார்த்துக்கொள்

அன்புள்ள தம்பி,

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை, அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். இதெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ "நல்லா இருக்கேன்பா" என்பாய், நான் "சரிப்பா" என்பேன், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும்.

நீ கடைசியாக அனுப்பியது அங்கே அமெரிக்காவில், சார்லட்டில் நடந்த நாஸ்கார் கார் ரேஸ் போட்டோ. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஏன் இவ்வளவு கீழே உட்கார்ந்தாய்? வேலிக் கம்பி படம் முழுக்கத் தெரிகிறது. 2022-ல் எங்களை அழைத்துப் போனபோது நீதானே சொன்னாய், கீழ் வரிசை மலிவு, ஆனால் அங்கே கார் கண் முன்னால் ஒரு கோடாகப் போய்விடும், மேலே ஏறி உட்கார்ந்தால்தான் ஒன்றரை மைல் வட்டமும் ஒரே பார்வையில் கிடைக்கும், யார் யாரை நெருங்குகிறான் என்று புரியும் என்று. டயர் தேய்ந்து தெறிக்கிற ரப்பர் துணுக்கெல்லாம் கீழேதான் வந்து விழும். 2013-ல் டேடோனா என்கிற இன்னொரு ரேஸ் ஊரில், பெரிய ரேஸுக்கு முந்தின நாள், கடைசிச் சுற்றில் ஒரு கார் பறந்து வேலியில் மோதி, இன்ஜின் வேலியைக் கிழித்துக்கொண்டு வந்து, சக்கரம் ஜனங்களுக்கு நடுவில் விழுந்து 25 பேருக்கு மேல் அடிபட்டார்களே, அதையும் நீதான் எனக்குச் சொன்னாய். மேலேயே உட்கார். பணம் ஏதாவது இழுபறி என்றால் சொல்லு, பட்டறையை விற்ற பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. நீ கேட்கக்கூட வேண்டாம்.

காதைப் பார்த்துக்கொள். ஒவ்வொரு காரும் 670 குதிரைசக்தி, அப்படி நாற்பது கார் ஒன்றாகக் கிளம்பினால் சத்தம் காதில் கேட்பதில்லை, நெஞ்சில் இடிக்கிறது. லேத்தும் கிரைண்டரும் என் இடது காதை எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அப்போது பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. நான் சொல்கிறேன், நீ கேள்.

சின்னவனுடைய நீல மஃப், சத்தம் கேட்காமல் காதை மூடிக்கொள்ள அன்றைக்கு ரேஸ் வாசலில் வாங்கினோமே, அது இந்தப் போட்டோவில் உன் பக்கத்து சீட்டில் இருக்கிறது. அந்த சீட்டில் மஃப் மட்டும்தான் இருக்கிறது.

சரி. 2022-ல் ஐந்து பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாம் என்று நீ சொன்னதை அம்மா நம்பவே இல்லை. இங்கே சினிமா தியேட்டர் வாசலில் தண்ணீர் பாட்டிலையே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், அங்கே லட்சம் பேர் வந்தாலும் பை பதினாலு அங்குலத்துக்குள் இருந்தால் போதும், கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது என்கிறார்கள். மருமகள் கட்டிய புளிசாதத்தை முன் வரிசைக்காரர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஊர்க் கூட்டத்தைப் பற்றி எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்று. அந்த மனிதர் என்னைத் "சார், சார்" என்று கூப்பிட்டு, எந்தக் கார் எந்த டீம் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

நீ வாடகைக்கு எடுத்த ரேடியோவை என் நல்ல காதில் வைத்தாய். கூரை மேல் நிற்கிற ஸ்பாட்டர், கீழே ஓட்டுகிறவனிடம் பக்கத்தில் வண்டி இருக்கிறதா, விலகிவிட்டதா என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வருகிறார். ஓட்டுகிறவனுக்குப் பக்கவாட்டில் சரியாகத் தெரியாதாம், அந்தக் குரலை நம்பித்தான் போகிறானாம். ஓட்டுகிறவன் என்ன கத்தினாலும் மேலே இருப்பவர் குரல் ஏறவே இல்லை. ரசிகன் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம், கேட்க மட்டும்தான் முடியும், ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாது. எங்கள் காலத்தில் யாராவது இப்படிக் கேட்க விட்டிருந்தால் நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருப்பேன்.

பாதியில் எல்லாக் காரும் டயர் மாற்றுகிற இடமான பிட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்ததே, அது இன்னும் எனக்குள் இருக்கிறது. கண்ணாடி மேல் ஓட்டுநர் பேர் இருக்கிற இடத்தில் போரில் செத்த சிப்பாய் ஒருவரின் பேர், ஒவ்வொரு காரிலும். அவ்வளவு இரைச்சலுக்கு அப்புறம் திடீரென்று ஒன்றுமே இல்லை. சின்னவன் மஃப்பைக் கழற்றிவிட்டு "முடிஞ்சிடுச்சா தாத்தா?" என்று கேட்டான், அவன் குரல் நாலு வரிசைக்குக் கேட்டது. அப்புறம் ராத்திரி அந்தக் கார் புல்தரையில் உருண்டு உருண்டு தலைகீழாக நின்றபோது மருமகள் அவன் கண்ணைப் பொத்தினாள், நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த ஆள் நடந்து வெளியே வந்ததும்தான் எல்லோரும் உட்கார்ந்தோம். 400 சுற்று என்று போனது 413 சுற்று ஆயிற்று, ஐந்து மணி நேரத்துக்கு மேல், தூரக் கணக்கில் அவர்கள் சரித்திரத்திலேயே அதுதான் நீளமான ரேஸ் என்றாய். காரில் திரும்பும்போது பின் சீட்டில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள், நீ மெதுவாக ஓட்டினாய்.

பிட் பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டுதான் கிடைத்தது என்று எனக்கும் சின்னவனுக்கும் கழுத்தில் மாட்டிவிட்டாய். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ரேஸுக்கு முன்னால் வண்டிக்குக் கை எட்டும் தூரம் வரை போகலாம் என்பது எனக்குப் பெரிய அதிசயம். குனிந்து பார்த்தேன், ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர், கதவு கிடையாது, ஜன்னல் வழியாக ஏறி உள்ளே இறங்குகிறார்கள். டயரில் காற்று அளவைக் கையால் எழுதியிருக்கிறார்கள், நாம் பட்டறையில் சாக்பீஸால் எழுதுவோமே அப்படி. சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டு. ஐந்து இருந்தது, இந்த வருஷம்தான் ஒன்று ஆக்கினார்கள் என்று அங்கே வேலை செய்த பையன் விரலைக் காட்டிச் சொன்னான், நானும் மெக்கானிக்தான் என்று கையைக் காட்டினேன், என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷம்.

திரும்பி வந்தபோது நீ கேட் பக்கத்தில், விட்ட இடத்திலேயே, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். ஒரு மணி நேரம். நிழலுக்குக்கூட நகரவில்லை.

தம்பி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில் சோழவரம் ரேஸில் நீ ஓடிப்போகவில்லை.

உன் கல்யாணத்தில் சித்தப்பா மைக்கில் சொல்லி எல்லோரும் சிரித்தார்களே, ரேஸ் பார்க்கக் கூட்டிப் போனால் கார் பின்னாலேயே ஓடிப்போன பையன் என்று, அது நான் அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் சொன்ன பொய். தெரிந்தவர் ஒருவர் வண்டிகள் நிற்கிற பக்கம் உள்ளே விடுகிறேன் என்றார், ஒரு ஆளைத்தான் விட முடியும் என்றார். உனக்கு ஆறு வயது. கயிறு கட்டியிருந்த சவுக்குக் கட்டையைக் காட்டி, இதைப் பிடித்துக்கொண்டு நில், அப்பா இப்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பழைய விமான ஓடுபாதை, வைக்கோல் கட்டு, புழுதி, எங்கே பார்த்தாலும் தலை. உள்ளே போனதும் இன்ஜினைத் திறந்து வைத்திருந்தார்கள், எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது நீ அந்தக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய், டவுசர் நனைந்திருந்தது, உள்ளங்கை முழுக்கச் சிராய். நான் உன்னைத் தூக்கவில்லை. டவுசரை நனைத்தாய் என்று அடித்தேன். எனக்குப் பயம், வெட்கம், அதை உன் மேல் காட்டினேன். செங்குன்றம் பஸ்ஸில் நீ என் மடியில் தூங்கினாய், நான் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தபோது நண்பர்கள் கூப்பிட்டும் நான் போகாததற்கு இதுதான் காரணம், பட்டறை வேலை இல்லை.

ஓடிப்போன பையன் என்ற பேரை நீ ஒரு முறைகூட மறுக்கவில்லை. உனக்கு ஞாபகம் இல்லையா, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தாயா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று இப்போது எழுதுகிறேன். போனில் சொல்ல வராது.

2025 சார்லட் ரேஸில் ஜெயித்தவரைப் பற்றிப் படித்தேன். சனிக்கிழமை பிராக்டிஸில் கார் நொறுங்கி, ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு காரைத் தயார் செய்து, 40-வதாகக் கடைசியில் கிளம்பி, ஆறு சுற்று இருக்கும்போது முந்தினாராம். குடும்பமே தர்பூசணி விவசாயமாம், ஜெயித்ததும் ஒரு பழத்தைத் தரையில் போட்டு உடைத்தாராம். அந்த ராத்திரி வேலை செய்த மெக்கானிக்குகளை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. நீ அதை நேரில் பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து யாரிடம் சொன்னாய்?

நான் எதையும் கேட்கவில்லை. வழக்கமாகக் கடிதத்தில் எழுதுவது போல மருமகளைக் கேட்டதாகச் சொல் என்று எழுதப் பார்த்தேன், எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, அம்மா எழுதுங்கள் என்கிறாள். கேட்டதாகச் சொல். நீ எது சொன்னாலும் நான் குறுக்கே பேச மாட்டேன், அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன். மாடி காலியாகத்தான் இருக்கிறது, இன்னும் யாருக்கும் விடவில்லை.

மேல் வரிசையிலேயே உட்கார். காதுக்கு வைத்துக்கொள்ள மறக்காதே. அந்த நீல மஃப் அவனுக்கு ஐந்து வயதில் வாங்கியது, இப்போது எட்டு, தலை வளர்ந்திருக்கும். அடுத்த முறை அவன் வரும்போது போட்டுப் பார்த்து அளவு சரியாக இருக்கிறதா என்று எனக்கு எழுது.

அப்பா