பதில் சொன்னவர்களுக்கும் ஒரு பிரதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம் கிராமங்களில் நடத்தும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் பணம், என்ன உள்நோக்கம் என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதினோரு வருஷம் இந்த மாதிரி ஆய்வுகளுக்காகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு கடலூர், விழுப்புரம் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒப்புதல் படிவத்தின் அடியிலேயே அச்சடித்திருக்கும். அதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவோம். என் மனக்குறை வேறு.

ஒரு நல்ல உதாரணத்தில் தொடங்குகிறேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்றால் அம்பேத்கர் படித்த இடம் என்று நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ரூபாயின் சிக்கலைப் பற்றி எழுதி 1923-இல் அவர் டி.எஸ்சி. பட்டம் வாங்கியது அங்கேதான். பெயரில் பொருளாதாரம் மட்டும் இருந்தாலும் 1895-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் முழுக்க முழுக்கச் சமூக அறிவியலுக்கானது. அங்கே மானிடவியல் துறையில் அப்போது இருந்த அல்பா ஷாவும், லண்டனின் இன்னொரு பல்கலைக்கழகமான சோவாஸில் இருந்த யென்ஸ் லெர்ஷெயும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். இந்தியா வேகமாக வளர்கிறது என்கிறார்களே, தலித்துகளும் ஆதிவாசிகளும் மட்டும் ஏன் அடியிலேயே கிடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து ஆய்வாளர்கள் ஐந்து ஊர்களில் போய்த் தங்கினார்கள். அதில் ஒன்று எங்கள் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. இன்னொன்று கேரளத்துப் பீர்மேடு தேயிலைத் தோட்டம். அங்கே ஆய்வு செய்த ஜெயசீலன் ராஜ் அந்தத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவிலேயே வளர்ந்தவர். 2017-இல் இவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது.

பணம் கொடுத்தது யார்? பிரிட்டன் அரசின் பொருளாதார சமூக ஆய்வு மன்றமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐரோப்பிய ஆய்வு மன்றமும். இரண்டும் அந்தந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தில் ஓடுபவை. விண்ணப்பம் போட வேண்டும், அதே துறை ஆட்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள், பெரும்பாலான விண்ணப்பங்கள் அங்கேயே அடிபட்டுப்போகும். ஐரோப்பிய மன்றம் 2007-இல் தொடங்கியதிலிருந்து, ஆய்வு தரமானதா என்பது ஒன்றைத்தான் பார்ப்பதாகச் சொல்கிறது. எந்தத் தலைப்பு, எந்த நாட்டு ஆள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். சிப்காட்டில் எந்தச் சாதிக்கு நிரந்தர வேலை, எந்தச் சாதிக்கு ஒப்பந்தக் கூலி என்று தெரிந்துகொண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் என்ன செய்யப்போகிறது? சதி என்று பார்த்தால் இதைவிட மந்தமான சதி கிடையாது.

இன்னொன்று. சமூக அறிவியல் என்றாலே அரசாங்கங்களுக்கு அடிவயிற்றில் ஒரு சந்தேகம் உண்டு, அது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. அந்த பிரிட்டிஷ் மன்றம் 1965-இல் சமூக அறிவியல் ஆய்வு மன்றம் என்ற பெயரில்தான் பிறந்தது. தாட்சர் காலத்துக் கல்வி அமைச்சர் கீத் ஜோசப்புக்கு இதை அறிவியல் என்று சொல்வதே பிடிக்கவில்லை. இழுத்து மூடவே பார்த்தார்கள். கடைசியில் மன்றம் பிழைத்தது, 1983-இல் பெயரிலிருந்த 'அறிவியல்' மட்டும் போனது. பெயரை மாற்றினால் கோபம் தணியும் என்பது அங்கேயும் இருக்கிறது பாருங்கள்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆய்வு பிரிட்டனில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தினுடையது. பெயர் வேண்டாம். வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்யும் வேலையைப் பற்றியது. பண்ருட்டிப் பக்கம் என்றால் அது முந்திரிக்கொட்டை உடைப்பதுதான். லண்டனில் தயாராகி வந்த கேள்வித்தாளில் நாலாவது கேள்வி, "சென்ற வாரம் ஏதாவது வேலை செய்தீர்களா?" ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு, கட்டையால் கொட்டையைத் தட்டியபடியே சொன்னார்: "இல்லப்பா, சும்மாதான் இருக்கேன்." கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. பதிலைப் பதியும் டேப்லெட்டில் 'இல்லை' என்று அழுத்தினால் அடுத்த பதினெட்டு கேள்விகளைத் தானாகவே தாண்டிப் போய்விடும். அன்று காலையில் மட்டும் ஏழு பெண்கள் இப்படிச் 'சும்மா' இருந்தார்கள்.

மேற்பார்வையாளரிடம் சொன்னோம், அவர் லண்டனுக்குச் சொன்னார். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டு, "விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேள்வியை மாற்றினார்கள். அதன்பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், அவர்களைக் குறை சொல்ல அல்ல. காது கொடுத்தார்கள், அதற்கு மரியாதை உண்டு.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. ஒன்று, அடுத்த ஆண்டு மறுபடி வந்து இதே வீடுகளில் கேட்போம். இரண்டு, ஆய்வு முடிவுகளை உங்களுக்குத் தெரிவிப்போம். இரண்டையும் என் வாயால்தான் படித்துக் காட்டினேன்.

முதல் வாக்குறுதி 2021-இல் போனது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி அதை 0.5 ஆக்கினார்கள். வளரும் நாடுகள் பற்றிய ஆய்வுக்கென்று 2016 முதல் ஐந்தாண்டுக்கு 150 கோடி பவுண்டு போட்டு வைத்திருந்த நிதியும் அந்த உதவிக் கணக்கில்தான் இருந்தது. 2021 மார்ச்சில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் இடையில் 12 கோடி பவுண்டு துண்டு விழுகிறது என்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் போனது. எங்களுக்கு வந்தது ஒரு வாட்ஸாப் செய்தி: இரண்டாம் சுற்று இல்லை. அங்கே கருவூலத்தில் ஒரு தசம எண் மாறினால், இங்கே பேருந்து நிலையத்தில் "என்ன தம்பி, வரேன்னுட்டு வரவே இல்ல?" என்று கேட்பவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வாக்குறுதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பணம் இல்லாததால் அது தவறவில்லை. முதல் சுற்றை வைத்துக் கட்டுரைகள் வந்தன, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து பிரிட்டனின் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் பூட்டி வைக்கவே கூடாது என்று விதி. 2024 முதல் புத்தகங்களுக்கும் அந்த விதி உண்டு. அருமையான விதி. ஜெயசீலன் ராஜின் தேயிலைத் தோட்டப் புத்தகத்தையும் 2022-இல் இப்படித்தான் காசில்லாமல் இறக்கிப் படித்தேன். ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்கள் உள்ளே ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுகிறார்கள்.

அங்கே பல்கலைக்கழகங்களுக்குத் தரமதிப்பீடு நடக்கும்போது, வகுப்பறைக்கு வெளியே ஆய்வு என்ன மாற்றத்தை உண்டாக்கியது என்பதற்கே தனி மதிப்பெண். 2014-இல் 20 சதவீதம், 2021-இல் 25 சதவீதம். அதை வைத்து மானியமும் கூடும் குறையும். அமைச்சரகத்தில் யார் படித்தார், எந்த அறிக்கையில் மேற்கோள் காட்டினார்கள் என்றெல்லாம் கோப்பு கோப்பாகச் சேர்க்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொன்னவர் அதைப் படித்தாரா என்பதற்கும் கொஞ்சம் போட்டால் என்ன? விமானக் கட்டணத்துக்கும் மாநாட்டுக்கும் பட்ஜெட்டில் தனி வரி இருக்கிறது. பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கத்துக்கும் ஒரு வரி எழுதாத விண்ணப்பத்துக்குப் பணம் இல்லை என்று மன்றங்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கிராமத்தில் யார் படிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதே கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-இலேயே குழு அமைத்து, தங்கள் மூக்கையே கருவியாக்கி, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன நாற்றம் என்று எழுதிவைத்தவர்கள். காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். ஆய்வு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போன தைக்கு முன்னால், எங்கள் ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஆசிரியர் வேலை பார்க்கும் நண்பரோடு உட்கார்ந்து ஆறு பக்கத் தமிழில் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்தேன். அந்த அம்மா வீட்டுக்கும் ஒன்று கொண்டுபோனேன். பிளஸ் ஒன் படிக்கும் பேத்தி சத்தமாக வாசித்தாள். அம்மா கொட்டை தட்டுவதை நிறுத்தவில்லை. மூன்றாம் பக்கம் வந்ததும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். "மூட்டைக் கணக்குலயா கூலின்னு போட்டிருக்கு? யாரு சொன்னது? உடைச்ச பருப்பு எடைக்குத்தான் கூலி. நொய்யைக் கழிச்சிருவாங்க." கட்டுரையின் கூலிக் கணக்கு முழுவதும் மூட்டையை வைத்துப் போட்டது. பதிவு செய்ததில் தவறு எங்கள் பக்கமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை.

அன்று இரவே விவரமாக எழுதி ஆய்வுத் திட்டத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. திட்டம் முடிந்ததால் அந்த முகவரி இப்போது இல்லையாம்.

இப்படிக்கு,
முன்னாள் கள ஆய்வாளர் ஒருவர்,
பண்ருட்டி வட்டம்.