கோழிக் கொட்டகையை நாலு பக்கமும் அடைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பனிக்கால நாட்டுக்கோழிப் பராமரிப்பு பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக் காற்றுப் புகாமல் அடையுங்கள், இரவெல்லாம் உள்ளே பல்பு எரியட்டும் என்று அதில் இருந்தது. எங்கள் தெருவில் அதைப் படித்துவிட்டு உடனே பாய் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த யோசனை குஞ்சுக்குப் பாதி சரி, பெரிய கோழிக்கு முழுக்கத் தப்பு.

நான் இருப்பது நெல்லிக்குப்பம் பக்கம், பெண்ணையாற்றங்கரை ஊர். பெரிய உடம்புள்ள பெருவிடை, சின்ன உடம்புள்ள சிறுவிடை என்று நாட்டுக்கோழியில் இரண்டு வகையும் வளர்க்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கோழி கூவாத மார்கழி கிடையாது.

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கும். மேலே இறகு. நம் கடலூரில் தை மாத விடியற்காலையிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நமக்குப் போர்வை வேண்டியிருக்கலாம். வளர்ந்த கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே போதும். விட்டால் முருங்கை மரத்தில் ஏறிப் படுத்துக்கொள்கிற ஜாதி அது.

அதைச் சாய்ப்பது ஈரமும் கெட்ட காற்றும். கோழிக்கு வியர்வை கிடையாது, தனியாகச் சிறுநீரும் கிடையாது. குடிக்கிற தண்ணீர் முட்டைக்குப் போனது போக, மூச்சாகவும் எச்சமாகவும்தான் வெளியே வர வேண்டும். நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அந்த நீராவி எங்கே போகும்? தகரக் கூரையில் முட்டி, விடிகிற நேரம் சொட்டுச் சொட்டாக உமியில் விழும். ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அடைத்த கொட்டகைக்குள் விடியற்காலையில் போய்க் கோழி உயரத்துக்குக் குந்திப் பாருங்கள், கண் எரியும். நாம் எழுந்து வந்துவிடலாம். அது அங்கேயே ராத்திரி முழுக்க மூச்சு விடுகிறது. மூச்சுக்குழாய் புண்ணானால் சளி பிடிக்கும், கொர்கொர் என்று இழுக்கும், அடுத்து வருகிற நோய்க்கெல்லாம் வாசல் திறந்துவிடும். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்ததே, அப்போது ஈர உமியை மாற்ற வழியில்லாத வீடுகளில் ரத்தக்கழிச்சல் வந்து குஞ்சுகள் சுருண்டு விழுந்தன. அந்தக் கிருமி வீரியம் பெறுவதே ஈரத் தரையில்தான்.

எங்கள் கொட்டகையில் வடக்கும் கிழக்கும் மட்டும் பாய். வாடைக் காற்றும் சாரலும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது. அந்தப் பாயும் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கும். சூடான ஈரக் காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். படுத்திருக்கிற கோழி மேல் காற்று நேராக அடிக்காது. தெற்கும் மேற்கும் கம்பி வலைதான். கீரி, மரநாய், பாம்பு பயத்தில்தான் பலரும் அடைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்கு வலையின் கண் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்று கட்டியதிலிருந்து சொட்டுவதும் நின்றது.

தரைக்கு உமி, கிடைத்தால் கடலைத் தோல். ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், கிளறி நீற்றுச் சுண்ணாம்பு தூவ வேண்டும், இல்லையென்றால் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். சாயங்காலம் கொஞ்சம் கம்போ நொய்யோ உமி மேல் விசிறினால் கிளறுகிற வேலையைக் கோழியே செய்துவிடும். இருட்டுவதற்கு முன் தானியம் தின்ற கோழிக்கு ராத்திரிச் சூடும் அதிலிருந்தே வரும்.

என் நாத்தனார் மகன் கனடாவில், மான்ட்ரியல் பக்கம் இருக்கிறான். அங்கே ஒரு பண்ணையைப் போனில் காட்டினான். “அத்தை, இங்க மைனஸ் இருபது. கோழிக்கு ஹீட்டர் கிடையாது. மேல் ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்காங்க” என்றான். உள்ளே வைக்கோல் காய்ந்து மொடமொடவென்று கிடந்தது, கோழிகள் பரண் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. அந்த இனத்தின் பெயர் ஷாண்டெக்ளேர். மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் ஓக்கா என்ற ஊர் மடத்தில் இருந்த வில்ஃப்ரிட் ஷாத்லேன் என்ற துறவி உருவாக்கி, 1918-இல் வெளியுலகுக்குக் காட்டியது. அந்த ஊர்க் குளிரில் பெரிய கொண்டை உறைந்து கறுத்து உதிர்ந்துவிடுமாம். அதனால் கொண்டையும் தாடியும் இருக்கிற இடமே தெரியாத அளவுக்குச் சின்னதாக வரும்படி பல இனங்களைக் கலந்திருக்கிறார். அதில் ஒன்று கார்னிஷ். அந்தக் கார்னிஷ் இங்கிலாந்தில் உருவானது நம் நாட்டு அசில் கோழியை வைத்து. நம் பெருவிடையின் சொந்தக்காரன் அத்தனை பனியில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறான், நாம் நெல்லிக்குப்பத்தில் பாய் கட்டுகிறோம்!

பல்பு விஷயத்துக்கு வருகிறேன். குஞ்சுக்குச் சூடு வேண்டும், அதில் மறுபேச்சில்லை. தாய்க்கோழி கூட இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஆனால் உங்கள் கட்டுரையில் வெறுமனே ‘பல்பு’ என்று போட்டிருக்கிறது. இப்போது கடையில் கேட்டால் எல்இடிதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் வெளிச்சம் வரும், குஞ்சுக்குக் காணும்படி சூடு வராது. பழைய குண்டு பல்பைத் தேடி வாங்க வேண்டும், குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் கணக்கு. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது.

கரண்ட் போனால்? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அட்டைப்பெட்டியில் உமி போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றினோம். சட்டியில் கங்கு அள்ளி மூடிய கொட்டகைக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தீப்பிடிக்காவிட்டாலும் அந்தப் புகை கொல்லும்.

பெரிய கோழிக்குப் பல்பு போட்டால் முட்டை கூடும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அது சூட்டினால் இல்லை. நன்றாக முட்டையிடக் கோழிக்குப் பதினாலு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். மார்கழியில் இங்கே பகலே பதினொன்றரை மணி நேரம்தான். அதுவும் சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் போட்டால் போதும், இரவெல்லாம் எரித்தால் கோழி தூங்குவது எப்போது? என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். இறகு உதிர்த்து முளைக்கிற பருவத்தில் அது ஓய்வெடுக்கட்டும்.

இன்னொன்று, இது அரசுக்கு. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வார முகாம் நடத்தி வெள்ளைக்கழிச்சலுக்கு இலவசமாக ஊசி போடுகிறது, நல்ல காரியம். அந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான். வெங்காயமும் மிளகும் அரைத்து ஊட்டலாம், நானும் சளிக்கு ஊட்டுகிறேன், கழிச்சலை அது நிறுத்தாது. ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் பொரித்த குஞ்சு மழை, பனி இரண்டையும் ஊசி இல்லாமல்தான் தாண்டி வர வேண்டியிருக்கிறது. ஏழாம் நாள் சொட்டு மருந்தும் எட்டாம் வாரம் ஊசியும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஐந்தாறு கோழி வைத்திருக்கிற வீட்டுப் பெண் ஐஸ் பெட்டியோடு மருந்து வாங்க டவுனுக்கு எத்தனை முறை போவாள்? கடலூர் மாவட்டத்தில் மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசியிலேயே இன்னொரு முகாம் வைத்தால் நன்றாக இருக்கும்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள், பனி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குள், வரும் ஞாயிறு இணைப்பிலேயே தார்ப்பாய் விஷயத்தையும் பல்பு விஷயத்தையும் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.