ஆகஸ்ட் 18: ரோஸாஞ்ஜெலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரோஸாஞ்ஜெலா சாந்தோஸ்,

இன்று ஆகஸ்ட் 18. இந்தத் தேதி உங்களுக்கு இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் வம்பைக் கொண்டுவந்தது. 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப், 2016 ரியோ ஒலிம்பிக். இரண்டும் நால்வர் பேட்டன் என்கிற கோலைக் கைமாற்றி ஓடுகிற 4x100 மீட்டர் ரிலே. பிரேசிலின் ஓட்டக்காரியான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதினால் உங்கள் கண்ணில் படாது என்ற தைரியத்தில்தான் ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் மற்றவர்கள் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்கோவைக் கிளறப் போவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முறையாகப் பார்த்தால் குவாதலஹாராவில் தொடங்க வேண்டும். 2011 பான் அமெரிக்கன் போட்டி, நூறு மீட்டர், 11.22 வினாடி, தங்கம். யாரும் குறை சொல்ல முடியாத வெற்றி. அதையெல்லாம் விட்டுவிட்டு, நீங்கள் ஓடவே செய்யாத ஒரு ஃபைனலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் என்ன செய்வது, உங்கள் பெயரைக் கேட்டாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூன்றாவது கைமாற்றம்தான்.

அன்றைக்கு ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், கடைசி லெக், நாலாவது ஆளின் ஓட்டம், நீங்கள். நால்வரும் சேர்ந்து 42.29 வினாடி. தென் அமெரிக்கச் சாதனை. ஃபைனலில் உங்கள் இடத்தில் வேறொருவர் நின்றார். ஏன் மாற்றினார்கள் என்பது உங்களுக்கும் உங்கள் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். நான் ஊகித்து எழுதினால் அபாண்டமாகிவிடும். நின்றவரின் பெயரையும் இங்கே போடவில்லை. தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும், அது வேறு விஷயம். ஒரு பேட்டன் விழுந்ததற்காக அவர் வாங்க வேண்டிய பேச்சையெல்லாம் அன்றைக்கே வாங்கியிருப்பார். என் பங்குக்கு நானும் ஒன்று சேர்க்க வேண்டாம்.

படிப்பவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரிலேயில் டிராக்கின் மேல் ஒரு சின்ன டேப் துண்டை ஒட்டியிருப்பார்கள். பின்னால் வருகிறவர் அந்தத் துண்டைத் தொட்டதும் முன்னால் நிற்கிறவர் கிளம்பிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். துண்டை எங்கே ஒட்டுவது என்பதைப் பாதத்தோடு பாதம் வைத்து அளப்பார்கள். கொடுப்பவர், வாங்குபவர் இருவரின் வேகத்தையும் பார்த்து வைக்கிற அளவு அது. ஒரு பாதம் கூடிவிட்டால் துரத்துகிறவருக்குக் கை எட்டாது, குறைந்துவிட்டால் முதுகில் போய் முட்டுவார். ஆள் மாறினால் அளவும் மாறும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும்? மூன்றாவதாக ஓடிய ஃபிரான்சியெலா கிராசுக்கி வளைவை முடித்துக்கொண்டு பதக்கத்துக்கான இடத்தில் வருகிறார். கை நீள்கிறது. பேட்டன் கீழே கிடக்கிறது.

ஜமைக்காவை விடுங்கள், 41.29-ல் அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். வெள்ளி வாங்கிய அமெரிக்கா ஓடியது 42.75. பிரான்ஸை நீக்கிய பிறகு வெண்கலம் பிரிட்டனுக்கு, 42.87. நீங்கள் நால்வரும் ஹீட்ஸில் ஓடியது 42.29. நான் இதைச் சொன்னால், ஹீட்ஸ் வேறு, ஃபைனல் வேறு என்று சொல்ல ஒரு கூட்டமே காத்திருக்கிறது. தெரியும் சாமி, எனக்கும் தெரியும்.

அடுத்து ரியோ. நீங்கள் வளர்ந்தது அந்த ஊரில்தான், பத்ரி மிகெல் பகுதியில். ஆகஸ்ட் 16 அன்று ஒலிம்பிக் கமிட்டியிடமிருந்து செய்தி வருகிறது. பெய்ஜிங் 2008 ரிலேயில் தங்கம் வாங்கிய ரஷ்ய அணியின் யூலியா செர்மோஷான்ஸ்கயாவுடைய பழைய சாம்பிளை மறுபடி சோதித்ததில் ஊக்கமருந்து. ரஷ்யாவை நீக்குகிறார்கள். நாலாவதாக வந்த பிரேசிலுக்கு வெண்கலம். பெய்ஜிங்கில் உங்களுக்கு 17 வயது, அணியிலேயே கடைக்குட்டி. மூன்றாவதாக வந்த நைஜீரியா 43.04, நீங்கள் 43.14. அந்தப் பத்தில் ஒரு வினாடியை எட்டு வருஷம் சுமந்த பிறகு, உங்கள் ஊரிலேயே ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போது, அதை இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கண் கலங்கியது. உங்களுக்காக ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும்போல இருந்தது.

சரியாக இரண்டு நாள். ஆகஸ்ட் 18 காலை, ரியோவின் ஒலிம்பிக் மைதானத்தில் ரிலே ஹீட்ஸ். உங்கள் அணியிலிருந்து ஒருவர் அமெரிக்காவின் அல்லிசன் ஃபெலிக்ஸ் மேல் இடித்துவிட்டார், அவர்களுடைய பேட்டன் பறந்தது. அவர்கள் முறையிட்டார்கள், பிரேசிலைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அன்று மாலையே அமெரிக்க நால்வரும் காலி மைதானத்தில் தனியாக ஓடி, 41.77-ல் ஃபைனலுக்குப் போய், மறுநாள் தங்கமும் வாங்கினார்கள். விதிப்படி சரி. விதி சரியில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பிறந்தது வாஷிங்டனில். பிறந்த நாட்டுக்கு மறு ஓட்டம், வளர்ந்த ஊரில் உங்களுக்கு வெளியே போகச் சொல்லி ஒரு சீட்டு. இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

இவ்வளவு நேரம் உங்கள் பக்கம் நின்று பேசினேன். இப்போது ஒரு கோபம். பெய்ஜிங்கில் அமெரிக்கா ஹீட்ஸிலேயே கோட்டைவிட்டது, ஃபைனலில் ஜமைக்கா பேட்டனைக் கொண்டுசேர்க்கவில்லை. அதனால்தான் நாலாவது இடமே கிடைத்தது. ரிலே அப்படித்தான், மற்றவர்களின் கை நழுவினால் நமக்கு ஒரு படி. மாஸ்கோவிலும் ரியோவிலும் நழுவியது உங்கள் அணியின் பக்கம், அதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் லண்டனில் யார் கையும் இல்லையே ரோஸாஞ்ஜெலா, நீங்கள் மட்டும்தானே இருந்தீர்கள்.

2017 ஆகஸ்ட் 6, லண்டன் உலக சாம்பியன்ஷிப், நூறு மீட்டர் அரையிறுதி, 10.91. பதினொரு வினாடிக்குக் கீழே போன முதல் தென் அமெரிக்கப் பெண் நீங்கள். அன்று அந்தக் கடிகார எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். சில மணி நேரம் கழித்து ஃபைனல். டோரி போவி 10.85, மரி-ஜோஸே தா லூ 10.86, டாஃப்னி ஷிப்பர்ஸ் 10.96. நீங்கள் 11.06, ஏழாவது.

வெண்கலத்தின் நேரத்தைப் பாருங்கள். அதை விட வேகமாக நீங்கள் அதே நாளில் ஓடியிருந்தீர்கள். மாஸ்கோவில் அணியாக நடந்த அதே கதை, இந்த முறை தனியாக. உலகத்தின் எட்டுப் பேரில் ஒருவராக நின்றவரிடம் இப்படிக் கணக்குக் கேட்பது நியாயமில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடத் தெரியாதவன் நான், எனக்கு என்ன அருகதை? இருந்தாலும் கேட்கிறேன். லிமா 2019-ல் ரிலே தங்கம் வாங்கினபோதும் கைதட்டிவிட்டு அடுத்த நிமிஷம் இதையேதான் நினைத்தேன்.

அந்த அரையிறுதிக்கும் ஃபைனலுக்கும் நடுவே என்ன செய்தீர்கள்? சாப்பிட முடிந்ததா? யாராவது வந்து வந்து 10.91, 10.91 என்று கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தார்களா? கொஞ்ச நேரம் தனியாக உட்கார விட்டார்களா? இதை எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. கேட்டால் பதில் சொல்வீர்களா என்றும் தெரியாது. சொல்ல விருப்பமில்லை என்றால் நியாயம்தான்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்