பாஸ்வேர்டைத் திரையில் காட்டாதீர்கள்: கருவிகள் எழுதும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இது என் மூன்றாவது மடல். பின்கதை உங்களுக்கே தெரியும் என்பதால் நேரே செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

கூட்டத்தில் என் திரையைப் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பேக்கப் கருவி டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கேட்டது. கை பழக்கத்தில் அடித்து முடித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் கறுப்புத் திரையில் அத்தனை எழுத்தும் பளிச்சென்று நிற்கின்றன. அவசரமாகத் திரையில் இருந்ததை அழித்தேன். ஆனால் கூட்டம் பதிவாகிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் இருமினார். அந்த பாஸ்வேர்டை வைத்து ஓடும் வேலைகள் எல்லாவற்றிலும் அதை மாற்றி முடிக்க இரவு ஒரு மணி ஆனது.

முதல் மடலுக்குப் பிறகு நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் இன்னொரு நட்சத்திரம் முளைத்தது. அழிப்பதையும் ஓர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டால் எந்த பாஸ்வேர்ட் பொருந்தும்? கணக்கு பூட்டிக்கொண்டது. அதைச் சொன்னதும், பிழையைத் திருத்தாமல் நட்சத்திரத்தையே எடுத்துவிட்டீர்கள்; அடிக்கும் எழுத்துகள் மறுபடி அப்படியே தெரிய ஆரம்பித்தன.

நட்சத்திரமே வேண்டாம். அடிப்பது திரையில் தெரியாமல் இருந்தால் போதும். லினக்ஸில் நிர்வாகி அனுமதியோடு கட்டளை ஓட்ட உதவும் சூடோ அப்படித்தான் காலங்காலமாக பாஸ்வேர்டை வாங்கிவந்திருக்கிறது. பைத்தான் மொழியில், அடிப்பதைத் திரையில் காட்டி வாங்கும் இன்புட்டுக்குப் பதில் காட்டாமல் வாங்கும் கெட்பாஸ், ஒரே வரி. ஜாவாவில் 2006இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே அதே வேலைக்கு ரீட்பாஸ்வேர்ட் இருக்கிறது. சி மொழியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும்: டெர்மினலின் எக்கோவை, அதாவது அடிப்பதைக் கட்டளைத் திரையில் காட்டும் வசதியை, அணைத்தால் திரும்பப் போட மறக்கக் கூடாது, நடுவில் யாராவது கன்ட்ரோல்-சி அழுத்திக் கருவியை நிறுத்தினாலும். மறந்தால் அப்புறம் அடிக்கும் கட்டளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

"பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்களேன்" என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னார். அடித்த கட்டளைகளைச் சேமித்துவைக்கும் ஷெல் ஹிஸ்டரியில் அது அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அதே சர்வரில் இருக்கும் மற்றவர்கள் ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தாலும் பாஸ்வேர்ட் அவர்கள் கண்ணில் சிக்கிவிடலாம்.

இதற்கு நடுவில், பெரிய எழுத்து இல்லை, சிறப்புக் குறி இல்லை என்று என் பாஸ்வேர்டை நிராகரிக்கும் இன்னொரு கருவியும் உங்களுடையதுதான். "பாஸ்வேர்டை யாரிடமும் பகிராதீர்கள்" என்று மாதாமாதம் மின்னஞ்சல் வேறு. நான் எங்கே பகிர்ந்தேன்? பதினான்கு பேருக்கு விநியோகித்தது உங்கள் கருவியல்லவா!

சரி, கோபம் எங்கோ இழுத்துப் போகிறது. அடுத்த வெளியீட்டிலாவது, பாஸ்வேர்ட் வாங்கும் இடத்தில் எக்கோவை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. வியாழக்கிழமை மறுபடி கூட்டம். அதற்குள் முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரைப் பகிர்வை நிறுத்திவிட்டு அடித்துக்கொள்கிறேன்.