பால் ஊற்றும் பெண்ணின் வலது மூலை

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தை முழுப் பக்கத்தில் வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் பக்கத்தின் நீளத்துக்குப் பொருத்துவதற்காக வலப்புறத்தை வெட்டிவிட்டீர்கள். அங்கே வெறும் சுவர்தானே என்று தோன்றியிருக்கலாம். வெர்மீர் மிகவும் மெனக்கெட்ட இடங்களில் ஒன்று அந்த வெறும் சுவர்.

மூல ஓவியம் 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், கிட்டத்தட்டச் சதுரம். பெண்ணின் தலைக்குப் பின்னால் ஜாடிகள் மாட்டும் சட்டம், வலது கீழ் மூலையில் கணப்புக் கூடை (தணல் வைத்துச் சூடேற்றும் கூடை) என இரண்டை அவர் முதலில் தொடங்கியிருந்தார். பிறகு இரண்டின் மேலும் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் அகச்சிவப்புப் படங்களின் உதவியால் இதைக் கண்டறிந்து 2022இல் அறிவித்தது. மறைத்த பிறகும் சுவரைச் சும்மா விடவில்லை. ஆணி, அதன் நிழல், ஆணி பிடுங்கிய ஓட்டைகள், கறைகள் எல்லாம் அதில் உண்டு. வெளிச்சமான சுவரோடு உருவம் கலந்துவிடாதபடி அவளுடைய வலப்புற விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றும் ஓடுகிறது.

கீழ் மூலையில் இப்போது இருப்பது கால் சூடேற்றும் பெட்டி: துளையிட்ட மரப்பெட்டி, உள்ளே கரி வைக்கும் மண்சட்டி. அடுக்களை எவ்வளவு குளிரானது என்பதை அதுதான் சொல்கிறது. நீங்கள் வெட்டியதில் அதுவும் போயிற்று.

அவள் வலது கைக்குச் சற்று மேலே ஓவியத் துணியில் (கேன்வாஸில்) ஊசித் துளை ஒன்று இருக்கிறது. ஊசியில் சுண்ணம் தடவிய நூலைக் கட்டி, தச்சர் மரத்தில் நூல் அடிப்பதுபோல அடித்தால் ஜன்னலின் சாய்கோடுகள் எல்லாம் அந்த ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியின் உயரம்தான் பார்ப்பவரின் கண் மட்டம். அது அவ்வளவு தாழ்வாக இருப்பதால்தான் சிறிய ஓவியத் துணியிலும் அவள் ஓங்கி நிற்கிறாள். வலப்புறம் குறைந்தால் ஜன்னலும் மேசையும் அவளைப் பக்க ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

அவள் இடுப்பில் கட்டியிருக்கும் நீல ஏப்ரனும் உங்கள் அச்சில் ஊதாவாகிவிட்டது. அந்த நீலம், லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல்லிலிருந்து எடுத்த அல்ட்ராமரீன் என்னும் நிறமி. கல்லை அரைத்து அப்படியே பூசினால் சாம்பல் நிறம்தான் வரும். மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, காரநீரில் அலசித்தான் நீலத்தைப் பிரிப்பார்கள். அச்சில் அந்த நீலம் முழுதாக வராது, உண்மைதான். ஆனால் மெஜந்தா என்ற செந்நிற அச்சு மையைக் குறைத்துச் சோதனைப் பிரதி பார்த்திருந்தால் ஊதாவையாவது தவிர்த்திருக்கலாம்.

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. மேலும் கீழும் வெள்ளை விட்டாலும் பரவாயில்லை, வெட்டாமல் இன்னொரு முறை வெளியிடுங்கள்.

ஓர் ஓவிய ஆசிரியர்