என் வலியை நம்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எச்ஐவி ஆலோசனை அறையில் இருக்கும் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேனா, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) எவ்வளவு, சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் செல்கள்) எவ்வளவு என்று எல்லாரும் கேட்பதைக் கேட்டு முடித்த பிறகு, கோப்பை மூடாமல், "உடம்புல எங்கயாவது வலி இருக்கா? ராத்திரி தூங்க முடியுதா?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எச்ஐவியோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் யாரும் கேட்டதில்லை. அதற்கு முன்பு பார்த்த ஒரு மருத்துவர், பாதம் எரிகிறது என்று நானாகச் சொன்னபோதுகூட, "வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிடுச்சு, இனிமே உங்களுக்கு என்ன குறை, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிட்டார். வைரஸ் அடங்கியது உண்மை, அது பெரிய விஷயமும்கூட, இப்போது என் மூலமாக உடலுறவில் யாருக்கும் அது பரவாது என்று தெரிந்த நாளில் நானும் மனைவியும் அழுதோம். ஆனால் பாதம் எரிவதும் அதே அளவு உண்மை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்று ஏற்றுக்கொண்ட முதல் ஆள் நீங்கள்.

அடுத்து, நீங்கள் கைகாட்டிய டாக்டர் அம்மா. செருப்பைக் கழற்றச் சொல்லி, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, முழங்காலில் வைத்தபோது அதிர்வது தெரிந்தது. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் உள்ள தசைநாணில் சுத்தியலால் தட்டியபோது கால் அசையவே இல்லை. "இது நரம்புப் பாதிப்பு, நீங்க கற்பனை பண்ணல" என்றார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்களாம். எச்ஐவியோடு வாழ்கிறவர்களில் 39 முதல் 85 சதவீதம் பேருக்கு அப்படி ஏதோ ஒரு வலி இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றனவாம். வைரஸ் நரம்புக்குள் நேரே புகுந்து அழிப்பதில்லை, அதன் மேலுறைப் புரதமும் அதனால் கிளம்பும் அழற்சியும்தான் நரம்பைக் கெடுக்கின்றன. அதோடு என்னைப் போல ஆரம்பத்தில் ஸ்டாவுடின் என்ற பழைய எச்ஐவி மருந்து சாப்பிட்டவர்களுக்கு அந்த மருந்தே நரம்பைத் தாக்கியிருக்கும், 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னதற்கு இப்படிப்பட்ட பக்கவிளைவுகள்தான் காரணம், ஆனால் மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு எரிச்சல் மிச்சமிருக்கும். காசநோய்க்காகக் கொடுக்கும் ஐசோனியாசிடும் இதைச் செய்யும், அதனால்தான் கூடவே பி6 வைட்டமின் தருகிறார்கள். சர்க்கரை, பி12 குறைவு, மது என்று வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினார். காரணம் தெரிந்ததும் வலி குறைந்துவிடவில்லை. ஆனால் பயம் குறைந்தது, என்னைக் கேட்டால் அதுவே பாதி சிகிச்சை.

மருந்தகத்தில் இருக்கும் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களில் பலர் வலி தாங்காமல் கடையில் டிக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம், எச்ஐவி கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் இருந்தால் அந்த இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொல்கிறவர் அவர். நரம்பு வலிக்குக் கார்பமாசெபின் பற்றிப் பேச்சு வந்தபோது, அது டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், கபாபென்டின் அப்படிச் செய்யாது, ஆனால் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவை வைக்க வேண்டும் என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னதும் அவர்தான். எச்ஐவியோடு வாழ்கிறவர்கள் கூடும் எங்கள் குழுவில் ரிட்டோனவிர் என்ற எச்ஐவி மருந்து சாப்பிடும் ஒரு அண்ணனுக்கு முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட இருந்தார்கள், ரிட்டோனவிரோடு சேர்ந்தால் சில ஸ்டீராய்டுகள் உடம்பிலேயே தங்கிப் பெரிய தொல்லை கொடுக்கும் என்று சொல்லி நிறுத்திய தம்பியும் இவரே. எலும்பு மருத்துவரிடம் போகும்போது நாம் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்லக் கூசுகிறோம், அந்தக் கூச்சம் எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் உறைத்தது.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த மேடம், உங்களுக்கும். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் ஒரேயடியாகச் செய்து முடிப்பது, அப்புறம் நாள்கணக்கில் படுத்துக்கிடப்பது, இந்தச் சுழற்சியை உடைப்பதுதான் முதல் வேலை என்றீர்கள். நல்ல நாளோ கெட்ட நாளோ ஒரே அளவு நடை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, அவ்வளவுதான். வலி முழுசாகப் போய்விடும் என்று நீங்கள் ஒருநாளும் வாக்குக் கொடுக்கவில்லை. "பத்துக்கு எத்தனை வலி" என்பதைவிட "இந்த வாரம் என்ன செய்ய முடிந்தது" என்றுதான் கேட்டீர்கள், நானும் அதையே எழுதி வைக்கிறேன்.

முகம் தெரியாத சிலருக்கும் நன்றி சொல்லாமல் விட முடியாது. நரம்பு வலி ஆய்வுகளில் யாரோ பலர் தங்கள் கால்களோடு வந்து உட்கார்ந்தார்கள், அவர்களில் சிலருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரைதான் கிடைத்திருக்கும். அமிட்ரிப்டிலின் என்ற மருந்து மற்ற நரம்பு வலிகளுக்கு உதவினாலும் எச்ஐவி நரம்பு வலியில் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாகப் பலன் தரவில்லை என்று அவர்களால்தான் தெரிந்தது. பலன் தராது என்று தெரிவதும் எங்களுக்கு உதவிதான், வீணாகத் தூக்கக் கலக்கத்தோடு அலையாமல் இருக்கலாமே. அதே போல, வைரஸை அடக்கும் இலக்கு மட்டும் போதாது, நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதும் ஒரு இலக்காக வேண்டும், ஐநா எய்ட்ஸ் அமைப்பின் 90-90-90 இலக்குக்கு (தொற்று இருப்போரில் 90 சதவீதம் பேருக்கு அது தெரிய வேண்டும், அவர்களில் 90 சதவீதம் பேர் மருந்து எடுக்க வேண்டும், அவர்களில் 90 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்க வேண்டும்) அடுத்து நான்காவதாக ஒரு 90 வேண்டும் என்று 2016இல் குரல் கொடுத்த ஆய்வாளர்களுக்கும் கும்பிடு. உலக சுகாதார நிறுவனத்தின் எச்ஐவி வாழ்க்கைத்தரச் சுருக்கப் படிவத்தில் 31 கேள்விகள் இருக்கின்றன, உடல் வலியும் தூக்கமும் அதில் வருகின்றன, அதை நிரப்பும்போது யாரோ நம்மைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

குழுவில் இருக்கும் உங்களுக்கு என்ன சொல்வது? அக்கி வந்து போன பிறகும் விலாவில் சட்டை பட்டால் துடிக்கும் தங்கச்சி, இடுப்பு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் நொறுங்கி அறுவை செய்துகொண்ட அண்ணன், தலைவலியோடு இரவு வேலைக்குப் போகும் தம்பி, உங்கள் முன்னால்தான் "இன்னைக்கு முடியல" என்று விளக்கம் சொல்லாமல் சொல்ல முடிகிறது. யாரும் "பார்த்தா நல்லாத்தானே இருக்க" என்று கேட்கமாட்டீர்கள்.

என் மனைவிக்கு. போர்வை விரலில் பட்டாலே எரியும் என்று தெரிந்த இரவில் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துப் போர்வையைக் கூடாரம் மாதிரி தூக்கிவிட்டாயே, அதற்குப் பிறகுதான் விடியும் வரை தூங்கினேன். நான் எரிந்து விழுந்த நாட்களில் அது வலி பேசுகிறது என்று புரிந்துகொண்டாய்.

இந்த மடலில் ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை. உங்களில் பலர் வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை, என்னோடு பெயர் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆலோசகர் அக்கா இதை அச்செடுத்துக் குழு அறையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், வரும்போது படித்துப் பாருங்கள்.