வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்துங்கள்

அக்டோபர் பிறந்தால் இலை பார்க்க மலையேறி வரும் நம் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் வட கரோலினாவின் மேற்கு மலைப்பக்கம், டென்னசி எல்லையை ஒட்டிய மேடிசன் கவுண்டியில் இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர். கணவர் இங்கே ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டர். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் விசாவில் சலுகை உண்டு என்ற கணக்கில் வந்தோம். மூன்று பதிமூன்று ஆகிவிட்டது.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். எங்கள் பக்கத்துப் பண்ணையில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். வருடம் முழுக்க மாடு மேய்த்து, வசந்தத்தில் ஈன்ற கன்றுகளை அக்டோபரில் விற்பார்கள். திங்கட்கிழமை ஏலத்துக்கு ஞாயிறு மாலையே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அன்றைக்கு 22 கன்றுகளை விடிகாலையிலிருந்து மடக்கி, பிரித்து, ட்ரெய்லரில் ஏற்றி முடித்திருந்தார்கள். தாய்ப்பசுக்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தன. வண்டியைக் கிளப்பினால் மண்பாதையின் வாயில் நான்கு வேன்கள். பூட்டிக் கிடக்கின்றன, ஆளைக் காணோம்.

மேய்ச்சல் மேட்டில் மேப்பிள் மரத்தடியில் கூட்டமாகச் சத்தம் கேட்டது. கொஞ்சம் காது கொடுத்தேன். "டேய், அந்த மாட்டுப் பக்கம் போகாத, இங்க நில்லு, போட்டோ எடுக்கணும்." எனக்குக் கால் வெலவெலத்துவிட்டது. நம் ஆட்கள். மேட்டில் ஏறிப் போய்ச் சொல்லி, அவர்கள் பிள்ளைகளையெல்லாம் திரட்டி, சாவியைத் தேடி வண்டியை எடுப்பதற்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. மன்னிப்புக் கேட்டார்கள், பாட்டிக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தார்கள். ஆனால் கிளம்பும்போது ஒரு அம்மா என்னைத் தனியாக இழுத்து, "இந்த ஹில்பில்லிங்க நடுவுல எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்டார். மலைநாட்டு ஜனங்களைப் பட்டிக்காட்டான் என்று இளக்காரமாகச் சொல்லும் சொல் அது.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அதற்குச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கன்று விஷயம். இங்கே எடை போட்டுத்தான் காசு. ட்ரெய்லரில் ஏற்றிய கன்று நிற்க நிற்கச் சாணியும் மூத்திரமுமாக எடை இறங்கும், மிரண்டால் இன்னும் இறங்கும். கன்றுக்குப் பத்து பவுண்டு என்று வைத்தால்கூட 220 பவுண்டு போச்சு. வருடத்துக்கு ஒரு முறை வரும் வருமானம் அது. அதில்தான் நில வரி, அதில்தான் உரம், அதில்தான் பாட்டியின் பல் வைத்தியம். தாத்தா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "வெளியூர்க்காரங்க, அவங்களுக்குத் தெரியாதில்ல" என்றார். இங்கே வெளியாளுக்கு 'ஃப்ரம் ஆஃப்' என்று ஒரு பெயர் உண்டு. பதிமூன்று வருடமாக நானும் அதுதான். நம் ஊரில் பிழைக்க வந்தவன் பேரன் எடுத்தாலும் பிழைக்க வந்தவன்தானே, அந்த மாதிரி.

அப்புறம், நீங்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்ட அந்தப் பழைய மரக் கொட்டகை. பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்திருப்பதைக் கவனித்தீர்களா? இடிந்து ஓட்டையானதில்லை. காற்று போகவேண்டும் என்றே அப்படி அடித்தது. அது புகையிலைக் கொட்டகை. ஒரு காலத்தில் வட கரோலினாவிலேயே பர்லி புகையிலை அதிகம் விளைந்த கவுண்டி இது. ஆகஸ்ட், செப்டம்பரில் செடியை அடியோடு வெட்டி, கூர்முனை மாட்டிய குச்சியில் ஐந்தாறு தண்டுகளைக் குத்திக் கோர்த்து, கொட்டகைக்குள் ஆளுக்கு மேல் ஆளாகக் கட்டைகளில் கால் பரப்பி நின்று, கைக்குக் கை ஏற்றி, கூரை வரை அடுக்கடுக்காகத் தொங்கவிடுவார்கள். வெறும் காற்றிலேயே ஆறு எட்டு வாரம் காயும். பனிக்காலம் தொடங்கும் ஈரப்பதமான நாளாகப் பார்த்து இறக்குவார்கள். காய்ந்த நாளில் தொட்டால் இலை பொடிப்பொடியாகிவிடும்.

வேடசந்தூரில் எங்கள் தாத்தாவும் புகையிலைக்காரர்தான். வந்த புதிதில் அந்தக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தவுடன் எனக்கு அவர் துண்டின் வாசம் வந்தது. புகையிலை தொங்கிப் பல வருடம் ஆகியும் கட்டைகளில் அந்த நெடி இருந்தது. பனியில் நனைந்த இலையைக் கட்டிச் சுமந்தால் தலை சுற்றி வாந்தி வரும் என்று எங்கள் பாட்டி சொல்வார். அதையே இந்த ஊர்ப் பாட்டியும் ஒருநாள் சொன்னார். இரண்டு பேரும் அந்த வாந்தியோடேயே வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

1930களில் அரசாங்கம் பண்ணைக்கு இவ்வளவு என்று புகையிலை ஒதுக்கீடு கொடுத்து, விலை விழாமல் பார்த்துக்கொண்டது. அந்தப் பாதுகாப்பில் சரிவில் அரை ஏக்கர் வைத்திருந்தவனும் வரி கட்டி, கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க முடிந்தது. 2004இல் சட்டம் போட்டு அந்த முறையை எடுத்தார்கள். பத்து வருடம் ஈட்டுத்தொகை வந்தது, 2014 உடன் அதுவும் நின்றது. சின்னப் பண்ணைகள் பெரும்பாலும் புகையிலையை விட்டுவிட்டன. புகையிலை நல்லது என்று வாதாட வரவில்லை, என் வீட்டுக்காரர் டாக்டர். ஆனால் உங்கள் படத்தில் பின்னணியாக நிற்கும் கொட்டகை ஏன் காலி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

காலி என்றதும் இன்னொன்று. உங்களில் பாதிப் பேர் இங்கிருந்து கேட்ஸ் கோவுக்குத்தான் போகிறீர்கள். 11 மைல் சுற்றுப்பாதை, புல்வெளி, மான், அங்கங்கே மரக்கட்டை வீடுகள். அது ஒரு முழு விவசாய ஊர். 1934இல் உருவான ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்காக நிலத்தை வாங்கியும், மறுத்தவர்களிடம் சட்டப்படி எடுத்தும் ஊரைக் காலி செய்தார்கள். போதாதற்கு, அந்தக் காலத்துக்குப் புதுசாக இருந்த பலகை வீடுகளைப் பெரும்பாலும் இடித்துவிட்டு, பழைய கட்டை வீடுகளையே அதிகம் விட்டுவைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு 'அந்தக் காலத்து ஜனங்கள்' என்று தோன்ற வேண்டுமே. வருடத்துக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வரும் பூங்கா அது. எத்தனை பேர் அந்த வாசலில் நின்று, வீட்டுக்காரன் எங்கே போனான் என்று கேட்டிருப்பார்கள்?

பூங்காவின் தெற்கே ஃபாண்டானா அணை, 1944இல் கட்டி முடித்தது. தண்ணீர் ஏறி ரோடு மூழ்கியது, பல குடும்பங்கள் வெளியேறின. புது ரோடு போட்டுத் தருகிறோம் என்றார்கள். கொஞ்ச தூரம் போட்டு ஒரு சுரங்கப்பாதையோடு நிறுத்திவிட்டார்கள். கடைசியில் 2010இல், ரோடு கிடையாது, அந்தப் பக்கத்து ஸ்வெய்ன் கவுண்டிக்கு 5.2 கோடி டாலர் தருகிறோம் என்று முடித்தார்கள். அந்தப் பக்கத்துக் கல்லறைகளுக்கு இன்றும் படகில்தான் போகிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் குறித்துப் புல் செதுக்கி, பூ வைத்து, அங்கேயே சாப்பாடு விரித்து உட்காருவார்கள். பூங்காத் துறையே படகு விடும். அவர்களுக்கும் முன்னால் இந்த மண் 'இந்தியர்' என்று இங்கே அழைத்த பூர்வகுடிகளான செரோக்கி மக்களுடையது. 1838இல் பட்டாளத்தை வைத்து அவர்களைத் துரத்தினார்கள் என்பதையும் விட்டுவிடக் கூடாது. வந்த புதிதில் ஒரு பெரியவர் என்னிடம், "நீ செரோக்கியா?" என்றார். இல்லை, நிஜ இந்தியா என்றேன். "அட, அவ்வளவு தூரமா!" என்று ஒரு கூடை தக்காளி கொடுத்தார்.

எல்லோரும் தக்காளி கொடுத்தார்கள் என்று எழுதினால் பொய். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. வறுமை உண்டு, வலி மாத்திரைக்கு அடிமையான வீடுகள் உண்டு. என் வீட்டுக்காரர் தினமும் பார்க்கிறார். ஆனால் அதைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கும் குறைவில்லை. 1964 ஏப்ரலில் ஜனாதிபதி ஜான்சன் கிழக்குக் கென்டக்கியில் ஒரு குடும்பத்தின் திண்ணையில் உட்கார்ந்து பேசிய படம் நாடு முழுக்கப் போனது. அன்று முதல் இந்த மலைக்காரர்களுக்குத் திண்ணையில் கேமராவைக் கண்டாலே ஒரு கூச்சம், கொஞ்சம் கோபம்.

திண்ணை என்றால் எனக்கு ஞாபகம் வருவது வேறு. ஜூலையில் பக்கத்துப் பண்ணைப் பாட்டி வீட்டுத் திண்ணையில் பீன்ஸ் வேலை நடக்கும். அவரை 'மேமா' என்றுதான் ஊரே கூப்பிடும், இங்கே பாட்டிக்கு அதுதான் சொல். மடியில் அலுமினியக் குண்டான், காலடியில் சாக்கு. நார் உரித்த முழு பீன்ஸை ஒரு தடிமனான ஊசியில் நடுவில் குத்தி, முரட்டு நூலில் இழுத்து, ஒன்றை இந்தப் பக்கம் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பிக் கோர்ப்பார். முதல் நாள் பார்த்தபோதே என் கை தானாக நீண்டது. மல்லிகை கட்டிய கை. என் சரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றார். எங்கள் ஊரில் தலையில் வைத்துக்கொள்ள இப்படிப் பூவைத் தொடுப்போம் என்றேன். ஒரு முழம் பீன்ஸைத் தன் கொண்டையில் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சரங்களை அடுப்பறையில் தொங்கவிட்டால் சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பெயரே 'தோல் கால்சட்டை'. குளிர்காலத்தில் ராத்திரி ஊறவைத்து, உப்புக்கண்டம் போட்ட பன்றிக் கொழுப்போடு அரை நாள் கொதிக்கவிடுவார்கள். நான் பன்றி சாப்பிடுவதில்லை என்று தெரிந்த வருடத்திலிருந்து எனக்கு மட்டும் தனிச் சட்டி. பதிலுக்கு ஒருநாள் அதே வற்றலில் புளி கரைத்து வற்றல் குழம்பு வைத்துக்கொண்டு போனேன். மேமா முதல் வாயில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் சோள ரொட்டியால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

எப்போது விதைப்பது என்று அவர் பார்ப்பதும் பஞ்சாங்கம்தான். மண்ணுக்கு மேலே காய்ப்பதற்கு வளர்பிறை, கிழங்குக்குத் தேய்பிறை. சந்திரன் மிதுனத்தில் இருக்கும் நாளில் பீன்ஸ் ஊன்ற வேண்டும். கன்னியில் ஊன்றினால் பூவாய்ப் பூத்துக் காயே பிடிக்காதாம். வேடசந்தூரிலிருந்து அம்மா அனுப்பும் தினசரிக் காலண்டரை ஒரு தடவை அவர் காலண்டரோடு ஒப்பிட்டோம். ராசி ஒத்துப்போகவில்லை, இரண்டு நாள் வித்தியாசம். யார் கணக்கு சரி என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

2024 செப்டம்பர் 27, ஹெலீன் புயல். பிரெஞ்ச் பிராட் ஆறு ஏறி மார்ஷல் ஊரை மூழ்கடித்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் மூன்று வாரம் கரண்ட் இல்லை, போன் இல்லை. அரசாங்க வண்டி வந்து சேர்வதற்குள், ஹில்பில்லி என்று நீங்கள் சொல்லும் ஆட்கள் ரம்பத்தோடு வந்து எங்கள் பாதையில் விழுந்திருந்த மரங்களை அறுத்துத் தள்ளியிருந்தார்கள். மேமாவின் நிலவறையில் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள்: பீன்ஸ், தக்காளி, ஆப்பிள், பீச். எங்கள் வீட்டில் அரிசியும் துவரம்பருப்பும் கேஸ் அடுப்பும். இரண்டையும் சேர்த்துப் பதினோரு பேர் சாப்பிட்டோம். உங்களில் சிலர் சார்லட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். அதையும் மறக்கவில்லை.

ஆகவே வராதீர்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள். வேலி போட்ட நிலத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிடுங்கள். மாட்டுக்கு மேலே டிரோன் வேண்டாம். பின்னால் டிராக்டர் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். இங்கே அதுதான் வணக்கம், நீங்களும் ஒரு விரலைத் தூக்கினால் போதும். ரோட்டோரத் தகரக் கொட்டகையில் ஆப்பிளும் தேனும் இருக்கும், ஆள் இருக்காது, காசு போட ஒரு காபி டப்பா இருக்கும். சில்லறையாகக் கொண்டுவாருங்கள். டப்பாவுக்கு ஆப் எல்லாம் கிடையாது.

இந்த வருடம் கன்று ஏற்றும் நாளை மேமா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார், அக்டோபர் மூன்றாவது ஞாயிறு. அன்றைக்கே வருவதாக இருந்தால் எங்கள் பாதைக்கு வராமல், சர்ச் மைதானத்தில் வண்டியை நிறுத்துங்கள். போதகரிடம் கேட்டுவிட்டேன், பன்னிரண்டரைக்கு மேல் காலியாகத்தான் இருக்குமாம். அங்கிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. சுக்குக் காபி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
வேடசந்தூர்க்காரி,
மேடிசன் கவுண்டி